ஒண்டு அடிச்ச ஆள்

என் தம்பி றிம்சான் கம்பனி தொடங்கியபோது முதலில் செய்த வேலை விசிட்டிங் காட் அடித்ததுதான். ஐந்நூறு காட். ஸ்தாபகரும் பிரதான நிறைவேற்று அதிகாரியும் என்று பெயருக்குக் கீழே போட்டிருந்தான். கம்பனியில் அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது. எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். உம்மாவின் தையல் மெஷினைத் தூக்கி என் கட்டிலடியில் வைத்துவிட்டு அந்த இடத்தில் மேசை போட்டான்.

கம்பனியின் பெயர் ‘ஸ்மார்ட் வேளை’. இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் எடுத்தது. அந்த மூன்று வாரமும் அவன் யோசிக்கிறான் என்று வீட்டில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கக் கூடாது.

வேலை இதுதான். கல்முனை பஜாரில் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தும் கடைகள் நிறைய. யார் எந்த நாள் வருவது, யார் காலை, யார் பின்னேரம் என்று முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். இனி அது வேண்டாமாம். கம்பனி எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பும். “வெள்ளி காலை 8. ஓம் என்றால் 1. இல்லை என்றால் 2.” பதில் வந்ததும் முதலாளியின் திரையில் அந்தப் பெயர் பச்சையாக மாறும். ஒன்றை அடித்துவிட்டு வராதவருக்குச் சிவப்பு. பெரிய போன் வேண்டாம், டேட்டா வேண்டாம், ஒலுவில் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவரின் பட்டன் போனுக்கும் போகும். யோசனையில் பிழையில்லை என்று நானே சொன்னேன். பிழை எப்போதும் யோசிக்கிறவனில்தான் இருக்கிறது.

முதல் வாடிக்கையாளர் மீராசாஹிபு ஹாஜியார். அவருடைய புடவைக்கடையில்தான் நான் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். என் பெயர் ஹிமாயா. வயது முப்பத்து நான்கு, றிம்சானுக்கு எட்டு வயது மூத்தவள். கடையில் நாங்கள் பதினான்கு பேர், எல்லாரும் பெண்கள். ஹாஜியாரிடம் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது. அதில் எங்கள் பெயர், ஊர், பிறகு ‘பொறுப்பாளர் தொலைபேசி’. கல்யாணம் முடித்தவளுக்குப் புருஷனின் நம்பர், முடிக்காதவளுக்கு வாப்பாவின் அல்லது சகோதரனின் நம்பர். எங்கள் வாப்பா மௌத்தாகி ஏழு வருடம். ஆகவே எனக்குப் பொறுப்பாளர், நான் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் கூட்டிப்போன றிம்சான்.

அவன் அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்த நம்பர்களை அப்படியே கம்பியூட்டரில் ஏற்றினான்.

“டேய், இதுகள் எங்கட நம்பர் இல்ல. எங்களுக்கிட்டக் கேளு. பதினாலு பேருக்கிட்டயும் போன் இரிக்கி” என்றேன்.

“பொம்புளைகள்ட நம்பர எடுக்கிற சரியில்ல ராத்தா. பொறுப்பான ஆளுக்குப் போறதுதான் மரியாத” என்றான். பிறகு தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் சொன்னான். “நீங்க சும்மா சும்மா சிம் மாத்துவீங்க.”

நான் பதினொரு வருடமாக ஒரே நம்பரை வைத்திருக்கிறேன். அவன் நாலு நம்பர் மாற்றிவிட்டான். தரவு என்று அவன் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லுவான், ஆனால் இந்தத் தரவு அவன் கம்பியூட்டரில் ஏறவில்லை.

அதற்கு முதல் எங்கள் வேலை முறைகளைப் போட்டது முனவ்வறா ராத்தா, கடையின் தலைமைப் பெண். சீலைக்குள் வரும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டுவாள். அவளும் ஒன்றும் நீதிதேவதை இல்லை. தன் மருமகளுக்கு எப்போதும் காலை முறைதான் விழும். ஆனாலும் அந்த அட்டைக்கு முன்னால் நின்று சண்டை பிடிக்கலாம். எஸ்.எம்.எஸ். போகும் இடத்தில் நாங்கள் இல்லை.

முதல் மாதத்திலேயே கூத்து ஆரம்பமானது. எங்கள் முறைகளுக்கு ஆண்கள் பதில் அனுப்பினார்கள். முஸ்பிறாவின் புருஷன் அக்ரம், தன் உம்மாவுக்குச் சமைக்க ஆள் வேண்டுமென்று, மூன்று சனிக்கிழமைக்கு இரண்டை அடித்துவிட்டான். அவளுக்குத் தெரியாது. சனி காலை கடைக்குப் போனால் “நீங்க இண்டைக்கு வரமாட்டன் எண்டீங்களே” என்று ஹாஜியார் திரையைக் காட்டுகிறார். மாத முடிவில் றிம்சானின் அறிக்கை அவளை ‘ஆர்வம் குறைந்த ஊழியர்’ என்றது. கல்யாணச் சீலைப் பிரிவில் ஆறு வருடம் நின்றவளை உள்பாவாடைப் பக்கம் தள்ளினார்கள். பாண்டிருப்பு வினோஜாவின் தமையன் பவிதரன் எதிர்ப்பக்கம். வந்ததற்கெல்லாம் ஒன்றை அடித்தான். அவள் இருபத்தொரு நாள் ஓய்வில்லாமல் நின்றாள்.

இன்னும் கேவலம் என்னவென்றால், இவர்கள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் பிளேன்டீ குடித்துக்கொண்டு எங்கள் முறைகளை மாற்றிக்கொண்டார்கள். “உங்கட ஆள் ஞாயிறு போகட்டும், எங்கட ஆள் திங்கள் போகும்.” நாங்கள் என்ன, வாடகைக்குக் கொடுக்கும் கதிரையா?

றிம்சானுக்கு இதெல்லாம் வெற்றி. “பதில் வாற வேகத்தப் பாரு ராத்தா. ரெண்டு நிமிசம்!” வராமல் என்ன செய்யும்? மடியில் போனை வைத்துக்கொண்டு ஹோட்டலில் குந்தியிருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை.

எனக்கு அந்த நாட்களில் இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அம்பாறையிலிருந்து எங்கள் கடைக்குச் சிங்களக் குடும்பங்கள் வரும். அவர்களோடு கதைத்துக் கதைத்துத்தான் நான் சிங்களம் பழகினேன். பிறகு எழுதவும் படித்தேன். அரச மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்கு விண்ணப்பித்து எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். நேர்முகப் பரீட்சைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி, அம்பாறை. எனக்கு இது கடைசித் தடவை. அடுத்த முறை விண்ணப்பம் கேட்கும்போது வயதெல்லை தாண்டிவிடும். நல்ல காலம், வெள்ளிக்கிழமை எங்கள் கடை பூட்டு. லீவு கேட்டு ஒருவர் காலிலும் விழத் தேவையில்லை. அந்தக் கடிதத்தை உம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டியதே றிம்சான்தான்.

அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன் பின்னேரம், வர்த்தகர் சங்க மண்டபத்தில் அவனுடைய செயல்விளக்கம். பேக்கரிக்காரர், ஹாட்வெயார்க்காரர், பாமஸிக்காரர், ஐஸ் கம்பனிக்காரர் என்று நாற்பது முதலாளிமார் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கையெழுத்து வைத்தாலே கம்பனி காலூன்றிவிடும். என்னையும் கூட்டிப்போய் மேடையோரம் உட்கார வைத்தான். பயனாளியின் அனுபவம் என்று நான் ஒரு நிமிடம் பேசவேண்டுமாம். அவனே எழுதித் தந்த தாளில், ‘ஸ்மார்ட் வேளை வந்த பிறகு என் நேரம் என் கையில்’ என்று இருந்தது. வெட்கமில்லாமல் அதை நான் வாசித்தேன். தம்பி அல்லவா? சட்டைக் கொலரை இழுத்து இழுத்து நின்றான், பாவமாக இருந்தது. அந்தப் பாவம் பார்த்ததற்கு இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

பிறகு திரையில் எங்கள் பதினான்கு பெயர்களும் சாம்பல் நிறத்தில் வந்தன. “இப்ப எல்லாருக்கும் ஒரு விசேட முறை அனுப்புறன். வெள்ளி காலை எட்டு மணி” என்று சொல்லிப் பட்டனைத் தட்டினான்.

ஒரு பெயர் பச்சையானது. பிறகு மூன்று, பிறகு ஏழு. மண்டபம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அந்த நேரம் கடையில் சீலை மடித்துக்கொண்டிருந்த முஸ்பிறா பச்சை. வினோஜா பச்சை. முனவ்வறா ராத்தா பச்சை. வெள்ளிக்கிழமை வேலைக்கு இவர்கள் வீட்டு ஆண்கள் எப்படி இத்தனை சந்தோஷமாக ஓம் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பதின்மூன்று பச்சை வந்து நின்றது. என் பெயர் மட்டும் சாம்பலாகவே இருந்தது.

ஹாஜியார் மைக்கை வாங்கினார். “மகள், அடிங்க புள்ள” என்றார். நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. என் போன் கைப்பைக்குள் கிடந்தது. அதற்கு ஒரு செய்தியும் வரவில்லை, வரவும் வராது.

றிம்சான் என்னைப் பார்த்தான். பிறகு மண்டபத்தைப் பார்த்தான். தன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றை அடித்தான். என் பெயர் பச்சையானது.

கைதட்டினார்கள். ஒருவருக்காவது அது வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டுமே! இல்லை. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் கண்ணெதிரே இருக்கிறேன், நான் பதில் சொல்லிவிட்டேன் என்று நாற்பது பேர் கைதட்டுகிறார்கள்.

அந்தக் கைதட்டலில் ஹாஜியாருக்குத் தலைகால் தெரியவில்லை. “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்னும் பத்து நாள்தான் இரிக்கி. எங்கட பிள்ளைகள் பதினாலு பேரும் ஓம் எண்டுட்டாங்க. இந்த வெள்ளி எட்டு மணிக்கு நான் கடை துறக்கப்போறன். பதினொன்றரைக்குப் பூட்டிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போவம். நீங்க எல்லாரும் வந்து கண்ணால பாருங்க. ஒண்டு அடிச்சிட்டு வராத ஆள் சனிக்கிழம வேலைக்கு வரத் தேவையில்ல!” என்று முழங்கினார்.

றிம்சானின் முகம் செத்துப்போனது. ஆனாலும் முதலாளிமாருக்கு விசிட்டிங் காட் நீட்டத் தொடங்கினான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையைக் கக்கினான். முதல் நாளே பதின்மூன்று ஆண்களுக்கும் போன் எடுத்து, “நாளைக்கு அஞ்சு மணிக்கு ஒரு மெசேஜ் வரும், வந்த உடனே ஒண்டு அடியுங்க, சும்மா டெமோதான்” என்று சொல்லிவைத்திருக்கிறான். ஒருவருக்கும் கரைச்சல் வரக்கூடாதென்று கடை பூட்டும் நாளாகப் பார்த்துத்தான் வெள்ளியைப் போட்டானாம். என்ன கெட்டித்தனம்!

“அப்ப ஹாஜியார் அறிவிக்கக்கொள்ள, இது டெமோதான் எண்டு சொல்லியிருக்கலாம்தானே?”

“நாப்பது முதலாளிமாருக்கு முன்னுக்கா? எல்லாம் செட்டப் எண்டு காறித் துப்புவாங்க ராத்தா.”

“என்ட நேர்முகம் வெள்ளிக்கிழம எண்டு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

போனை எடுத்துச் சார்ஜில் போட்டான். உம்மா கரண்டியோடு குசினியிலிருந்து வந்தாள். “அவன் தலையெடுக்கிற நேரம் புள்ள. நேர்முகம் பிறகும் வரும்தானே” என்றாள். பிறகு வராது என்று அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். உம்மாவின் காதில் மகனின் செய்தி மட்டும்தான் இறங்கும்.

இதற்கு மேல்தான் அவன் கேட்டான், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். “ராத்தா, நாளைக்கு நீ கடைக்குப் போய், வெள்ளிக்கிழம வேல எண்டு எல்லாருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுறியா? அந்த ஆம்புளைகள் வீட்ட சொல்லியிருக்கமாட்டாங்க. டெமோ எண்டுதானே நினைச்சிருப்பாங்க.”

எஸ்.எம்.எஸ். கம்பனியின் ஸ்தாபகர், தன் செய்தியை வாயால் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி என்னிடம் கேட்கிறார். நான் அறைக்குள் போய் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். ஒன்பது வருடம் நின்ற வேலையா, கடைசியாகக் கிடைத்த நேர்முகமா என்று ஒருவன் என்னை நிறுத்திவைத்திருக்கிறான், அவனுக்கு அது விளங்கவுமில்லை.

வியாழன் பகல் சோற்று நேரம், கடையின் பின்னறையில் எல்லாரும் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவன் சொல்லச் சொன்னதை மட்டுமல்ல, முழுவதையும் சொன்னேன். ஹாஜியார் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முனவ்வறா ராத்தாவிடம் மட்டும், “இனி நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல, சிஸ்டம் சொல்லும்” என்றிருக்கிறார்.

“வெள்ளியா? கடை பூட்டெல்லோ அக்கா?” என்றாள் வினோஜா.

“நீ வாறன் எண்டு புதன்கிழம ஒண்டு அடிச்சிட்டியே.”

“நானா?”

“உன்ட அண்ணன்.”

முஸ்பிறா சோற்றுக் கையோடு எழும்பிவிட்டாள். “வெள்ளிக்கிழம எண்டா எங்கட மனிசனுக்கு ஆட்டிறச்சிக் கறியும் நெய்ச்சோறும் வேணும். காலம்பற அஞ்சு மணிக்கே எழுப்பிவிடுவார். அவரா என்ன வேலைக்கு அனுப்பப்போறார்? வாயே துறக்கல்ல, கள்ளன்!”

செல்லத்தங்கம் அக்கா மட்டும் பயந்தாள். வயதான பெண், வீரமுனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவள். “வேல போயிட்டா என்ன செய்யிற பிள்ளை? நாங்க வந்துட்டுப் போவமே” என்றாள். என் வேலை போனாலும் அம்பாறைக்குப் போவது என்று நான் முடிவெடுத்துவிட்டேன். மற்றவர்களை அப்படிச் செய் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

முனவ்வறா ராத்தா நிதானமாகச் சோற்றை முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். தன் அட்டையைப் பறித்த கோபம் அவளுக்கு மூன்று மாதமாகப் புகைந்துகொண்டிருந்தது.

“பெருநாளைக்குப் பத்து நாள் இரிக்கக்கொள்ள பதினாலு பேரையும் நிப்பாட்டுவாரா ஹாஜியார்? நிப்பாட்டிப்போட்டு அவர்தான் சீலை விரிச்சிக் காட்டுவாரா?” என்றாள். “ஒண்டு அடிச்சது ஆரு? நாமளா? இல்ல. அடிச்ச ஆள் போகட்டும். எல்லாரும் இண்டைக்கு வீட்ட போய் இத மட்டும் சொல்லுங்க. வேற ஒரு சண்டையும் வேணாம்.”

செல்லத்தங்கம் அக்கா முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தோம். ஹாஜியார் எட்டிப் பார்த்து, “என்ன சத்தம்?” என்றார். பெருநாள் சந்தோஷம் என்றோம்.

வெள்ளி காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். சம்மாந்துறை தாண்டுவதற்குள் கடிதத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ தெரியாது. எட்டே முக்காலுக்கு அம்பாறையில் அந்தக் கட்டடத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்குள் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும் உள்ளே போய் வந்துவிட்டார்கள். போன் அடித்தது. றிம்சான்.

“ராத்தா! எங்க இரிக்காய்?” பின்னால் ஒரே சத்தம். “ஹாஜியார் குதிக்கிறார். முதலாளிமார் இருவது பேர் வந்து நிக்கிறாங்க. ஒரு பொம்புளையும் வரல்ல.”

“ஒருத்தருமே வரல்லயா?”

“அக்ரம் வந்திரிக்கான்.” குரல் தாழ்ந்தது. “பவிதரன் வந்திரிக்கான். இன்னும் ஆறேழு ஆம்புளைகள். பொண்சாதிமாரும் தங்கச்சிமாரும் அனுப்பினதாம். ஒண்டு அடிச்ச நீங்கதானே, நீங்களே போங்க எண்டு.”

“பொறகென்ன? ஆள் வந்திரிக்கிதானே.”

“பகிடி விடாத ராத்தா! அக்ரம் உள்பாவாடப் பக்கம் நிக்கிறான். சாமான் வாங்க வந்த ரெண்டு பொம்புளைகள் அவனக் கண்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. ஐஸ் கம்பனிக்காரர் சிரிச்சிச் சிரிச்சி வீடியோ எடுக்கிறார். ஹாஜியார் என்ன உன்ட இடத்தில நிக்கச் சொல்றார். உனக்கு ஒண்டு அடிச்ச நான்தானாம், நானே சீலை காட்டட்டாம்.”

நேர்முகத்துக்கு வந்த இடம் என்று பார்க்காமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தம்பி ஒரு சீலையை விரித்தால் மடிக்கத் தெரியாதவன். அவனுடைய சாரத்தையே இன்னும் உம்மாதான் மடித்து வைக்கிறாள்.

“ராத்தா, நீ மட்டும் வந்தாப் போதும். நீ கூப்பிட்டா மத்தவங்களும் வருவாங்க. ஒரு ஓட்டோ பிடிச்சி வா. என்ட வாழ்க்கை ராத்தா!” இப்போது அழுகிற குரல்.

ஒரு கணம் எனக்கு மனம் இளகியது உண்மை. சின்ன வயதில் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாலும் இதே குரலில்தான் கூப்பிடுவான். ஆனால் அந்த ஒரு கணத்துக்குள் வேறொன்று என் மண்டையில் உறைத்தது. இவன் இப்போது என்னைக் கூப்பிட்டது எந்த நம்பருக்கு? தேடவில்லை, கேட்கவில்லை, உம்மாவிடம் வாங்கவில்லை. பெண்களின் நம்பரை எடுப்பது சரியில்லை என்றவன், நெருக்கடி வந்ததும் நேரே எனக்கு அடித்துவிட்டான்.

“றிம்சான்” என்றேன். “என்ட நம்பர் உனக்கு எங்க இரிந்து கிடைச்ச?”

அந்தப் பக்கம் கடையின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ அவனை “தம்பி, அந்த நீலத்த எடுங்க” என்று கூப்பிட்டார்கள். அவன் போனை வைக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்த உத்தியோகத்தர் அம்மா என் முழுப் பெயரையும் சிங்களத்தில் வாசித்து, யார் அது என்று கேட்டார். நான் போனை நிறுத்திக் கைப்பைக்குள் போட்டேன். எழும்பி, நான்தான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.